குறைவு 46

எங்கள் கோழி வளர்ப்புத் திட்டத்தில் இருந்த ஒரு அக்காவின் சீ.ஆர். கணக்குக் கொப்பியில் பங்குனி மாதப் பக்கம் இன்னும் எனக்கு மனப்பாடம். இட்டது 118. விற்றது 60. அடைவைத்தது 12. மிச்சம் 46 முட்டைக்கு நாங்கள் கீறிக் கொடுத்த கட்டங்களில் இடமில்லை. அதனால் அந்த அக்கா அடிமட்டம் வைத்து ஓரத்தில் தானே ஒரு கோடு போட்டு, பென்சிலால் 'வீடு' என்று எழுதி, நாளுக்கு ஒன்று, இரண்டு என்று குறித்து வைத்திருந்தார். அதன் மேல் சிவப்புப் பேனையால் 'குறைவு 46' என்று எழுதியவள் நான்.

2019ஆம் ஆண்டு. கிளிநொச்சித் தருமபுரத்துக்கு உள்ளே, அவருடைய வளவில், வேப்பமரத்துக்குக் கீழே கதிரை போட்டுத் தந்திருந்தார்.

"அக்கா, இந்த நாற்பத்தாறும் எங்க?"

"எங்க போறது மிஸ், வீட்டுக்குள்ளதான் போச்சு. பள்ளிக்கூடம் போகேக்க மூண்டு பேருக்கும் ஆளுக்குப் பாதி. மாமி ஏலாம இருக்கிற நாளையில அவவுக்கும் பாதி."

"அது சரி அக்கா. ஆனா கணக்கில அது குறைவுதானே?"

கொஞ்ச நேரம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப நான் இதை எழுதாம விட்டிருக்கோணுமோ மிஸ்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "எழுதினது பிழையில்லை அக்கா, கணக்கு நேராகோணும்" என்று சொன்னேன். இந்த ஆறு வருடத்தில் அந்தப் பதிலை எத்தனை விதமாகவோ மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

முப்பது பெண்கள் இருந்த குழு அது. அடுத்த கட்டமாக, முட்டை பொரிக்க வைக்கிற இன்குபேட்டர் மெசின் ஆறு பேருக்குத்தான். புள்ளி போட்டோம். பதிவேடு பேணலுக்குப் பத்து. அவருக்கு நான் நான்கு போட்டேன். மொத்தம் 61. ஆறாவதாக வந்தவருக்கு 63. குழுவில் ஒரு முட்டையைக்கூட மறைக்காமல் எழுதியவர் அவர்தான் என்பது புள்ளி போடும்போதே எனக்குத் தெரியும்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் வன்னியில் கிழமைக் கடன் எடுக்காத வீட்டை விரல் விட்டு எண்ணலாம். மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் தவணைக் காசு கைக்கு வரும்வரை படலையடியிலேயே நிற்பார்கள். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை 2018இல் அரசாங்கம் தள்ளுபடி செய்வதாக அறிவித்த பிறகும், புதுக் கடன் எடுத்துப் பழைய கடனைக் கட்டுவது நிற்கவில்லை. ஒரு பெண்ணின் கையில் அவளுடைய காசு என்று ஏதாவது நிற்க வேண்டும் என்று நான் நினைத்ததில் பொய் இல்லை. முட்டை வயிற்றுக்குள் போனால் அன்றைக்குப் பசி போகும், கடன் போகாது. பெண்களிடமும் அப்படித்தான் சொன்னேன். இன்றைக்கும் அதை முழுப் பிழை என்று சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் அதே மாதம் கிளிநொச்சியில் நடந்த பயிற்சியில் உணவுப் பாதுகாப்பின் நான்கு தூண்களைப் பலகையில் எழுதியவளும் நான்தான். கிடைத்தல், பெறும் வழி, பயன்படுத்தல், நிலைத்திருத்தல். 1996 உலக உணவு உச்சிமாநாட்டு வரைவிலக்கணத்தை வைத்து விளக்கினேன். அந்த அக்கா இரண்டாவது வாங்கில் இருந்து அதைக் கொப்பியில் எழுதினார். அவர் வீட்டில் நான்கும் ஒரு அவித்த முட்டைக்குள் இருந்தன. எங்கள் படிவத்தில் அந்த முட்டைக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

பிறகு 2022 வந்தது. பங்குனிக் கடைசியில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. இன்குபேட்டருக்குள் இருந்த முட்டைகள் பழுதாகின. கோழித்தீன் விலை ஏறிய வேகத்தில் பலர் கூட்டையே காலி செய்தார்கள். தருமபுரத்து அக்காவின் நாலு ஊர்க்கோழிகள் மட்டும் வளவெல்லாம் கிளறித் திரிந்து, கடகத்துக்குள் அடைகிடந்து குஞ்சு பொரித்தன. அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு ஆறுதல் வந்தது. நல்லகாலம் கொடுக்கவில்லை, கொடுத்திருந்தாலும் மெசின் சும்மாதான் கிடந்திருக்கும் என்று.

அந்த ஆறுதலை நான் நம்பவில்லை. ஏனென்றால் 63 புள்ளி எடுத்தவர், மின்சாரம் ஒழுங்காக இருந்த இரண்டரை வருடத்தில் குஞ்சு விற்றே கடனை அடைத்துவிட்டார். அந்த வருடம் செப்ரெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்துக்குப் போனபோதும் அவர் வீட்டில் அரிசி இருந்தது. "கோழியை வித்தன், அரிசி மூட்டை எடுத்துப் போட்டன்" என்று அவரே சொன்னார். தருமபுரத்து அக்காவின் மூத்தவள் சாதாரண தரம் எழுதிய கையோடு ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். விடிய ஐந்து மணிக்கு பஸ். அந்த இரண்டு புள்ளியை நான் போட்டிருந்தால் அவள் உயர்தரம் படித்திருப்பாளா? ஒரு இன்குபேட்டருக்கு அவ்வளவு பாரம் ஏற்றலாமா? இரவில் அப்படியும் யோசிக்கிறேன், இப்படியும் யோசிக்கிறேன்.

இப்போது வேறு திட்டம், வேறு படிவம். 'வீட்டுப் பாவனை' என்று ஒரு கட்டம் வேண்டும் என்று கூட்டத்தில் சண்டை பிடித்துப் போட வைத்தேன். அதை நிரப்பினால் புள்ளி குறையாது என்று ஒவ்வொரு குழுவிலும் இரண்டு தடவை சொல்கிறேன்.

போன மாதம் இருபத்திரண்டு கொப்பி பார்த்தேன். பத்தொன்பதில் அந்தக் கட்டத்தில் பூச்சியம். இத்தனை வருடமாக எங்களிடம் கணக்குக் காட்டிப் பழகிய பெண்கள். விசுவமடுவில் ஒரு வீட்டில், மாதம் முழுக்கப் பூச்சியம் போட்டிருந்த கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். தேத்தண்ணி போட அந்தத் தங்கச்சி குசினிக்குள் போனாள். படியோரம் நாலு மிளகாய்க் கன்று. ஒவ்வொரு கன்றின் அடியிலும் நொறுக்கிய முட்டைக்கோது, இன்னும் காயாமல் வெள்ளையாகக் கிடந்தது.

அவள் தேத்தண்ணியோடு வந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. பூச்சியத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்.