கம்பளத்தில் செல்லாத கடன்

கிரேக்க நாட்டின் டினோஸ் தீவுக்கு வந்த முதல் ஆகஸ்டில், துறைமுகத்திலிருந்து மாதா கோயிலுக்கு ஏறும் தெருவில் ஒரு மூதாட்டி முழந்தாளிட்டிருக்கக் கண்டு, தடுக்கி விழுந்துவிட்டார் என்றெண்ணி ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்கினேன். அவர் என் கையை வெடுக்கென்று உதறிவிட்டு, நீண்ட மெழுகுவத்தியை அணைத்தபடி மேலே நகர்ந்தார். வேளாங்கண்ணி மணற்பாதையில் முழந்தாளிட்டு வருவோரைப் பார்த்தே வளர்ந்த நாகப்பட்டினத்துக்காரிக்கு அது வேண்டுதல் என்று உறைக்காமல் போயிற்றே என்பதுதான் வெட்கம். என்னை ஏமாற்றியது கம்பளம். கார்கள் போகும் அதே தெருவின் ஓரமாகக் கோயில்வரை கம்பளம் விரித்து வைத்திருக்கிறார்கள். வேண்டுதலுக்குக் கம்பளமா என்ற மனத்தாங்கல் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

பெலாகியா என்ற கன்னியாஸ்திரி கண்ட காட்சியின்படி தோண்டியபோது, 1823 ஜனவரி 30 அன்று மண்ணிலிருந்து வெளிப்பட்ட மாதா படம்தான் இங்கே எல்லாவற்றுக்கும் மூலம். ஆகஸ்ட் 15 அன்று அந்தப் படம் தெருவில் பவனி வரும்போது, நோயாளிகளும் நேர்ந்துகொண்டவர்களும் அது தங்களைக் கடந்து போகவேண்டுமென்று வழியிலேயே படுத்துக்கொள்கிறார்கள். நமக்கு விண்ணேற்புத் திருநாளும் சுதந்திர தின மிட்டாயுமாக நினைவிலிருக்கும் அந்த நாள், இவர்களுக்குத் துக்கமும் கலந்தது; 1940-இல் அதே திருநாளன்று இந்தத் துறைமுகத்தில் நின்ற 'எல்லி' போர்க்கப்பலை இத்தாலிய நீர்மூழ்கி ஒன்று தகர்த்தது.

கோயிலுக்குள் நுழைந்தால் ஊர் வாசனைதான். கண், கால், குழந்தை, வீடு என்று வெள்ளித் தகட்டில் அடித்த உருவங்கள். கூரையிலிருந்து தொங்கும் விளக்குகளின் கீழே வெள்ளிக் கப்பல்கள். இழந்த பார்வை திரும்பினால் முதலில் காண்பதைச் செய்து வைப்பதாக நேர்ந்துகொண்ட ஒருவர், கண் திறந்ததும் கண்டது ஆரஞ்சு மரமாம். அதையும் வெள்ளியில் செய்து வைத்திருக்கிறார். எங்கள் தெருவில் யாரேனும் அப்படி நேர்ந்திருந்தால் முதலில் கண்ணில் பட்டிருப்பது மின்கம்பமாகத்தான் இருக்கும்.

மற்றபடி நான் இங்கே நன்றாகவே வேரூன்றிவிட்டேன். விடுதிச் சமையலறையில் கூனைப்பூவை முள் குத்தாமல் உரிக்கிறேன். மெல்தெமி என்னும் கோடை வடகாற்று பலமாக வீசும் நாளில் கொடியில் புடவை உலர்த்தக் கூடாதென்று, ஒன்றைப் பறிகொடுத்த பின், அறிந்துகொண்டேன். விடுமுறை நாட்களில் மலைச்சரிவுப் புறாக்கூடுகளைப் பார்க்கப் போவேன். வெனிசியர் காலத்துப் பழக்கமான அவற்றில் கீழ்த்தளம் பண்டகசாலை, மேல்தளம் புறாக்களுக்கு. மேற்சுவரில் பலகைக்கற்களை அடுக்கி முக்கோணமும் சூரியனுமாக வடிவங்கள் அமைத்திருப்பார்கள். அவற்றின் முன் நின்று புள்ளி எத்தனை, வரிசை எத்தனை என்று எண்ணத் தொடங்கி, மார்கழி வாசலில் அம்மா கோலப்பொடியோடு குனிந்திருப்பதில் போய் முடிவேன். வேரூன்றியவளின் லட்சணம் இவ்வளவுதான்.

உண்மையில் அந்தக் கம்பளத்தின்மேல் எனக்குள்ள கோபத்துக்கு வேறொரு காரணம் உண்டு. எனக்கு வெளிநாட்டு வேலை அமைந்தால் வேளாங்கண்ணி மணலில் முழந்தாளிட்டு வருவேன் என்று, என்னைக் கேளாமலே என் பெயரில் அம்மா நேர்ந்துகொண்டார். வேலை அமைந்தது, விடுப்பு அமையவில்லை. கோடை முழுவதும் விடுதி நிரம்பி வழிவதால், செப்டம்பர் 8 திருவிழாவுக்கு ஊருக்குப் போக ஒருமுறையும் வாய்க்கவில்லை. இந்த ஆண்டு தொலைபேசியில் மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"இங்கயும் மாதாதானம்மா. அந்தக் கடன இங்கயே தீத்துட்டா என்ன?"

"கம்பளத்துலயா? மாதா ஒத்துக்குவா. நான் ஒத்துக்க மாட்டேன்."

பதினைந்தாம் தேதி இரவு, பாத்திரம் கழுவி முடித்தபின், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவின் அடிவாரத்துக்குப் போனேன். நடுவில் நார் தேய்ந்து முரட்டுப் பாயைப்போல இருந்தது கம்பளம். பகல் வெயில் இன்னும் அதில் தங்கியிருந்தது. வெறுங்காலோடு பத்தடி நடந்துவிட்டு, அம்மா விழிக்கும் நேரம் பார்த்து அழைத்து, அதைச் சொன்னேன். சற்றுநேரம் பேச்சில்லை.

"ராத்திரியிலயும் சுடுதா?" என்று கேட்டார்.