மரகதம் பஸ்ஸை விட்டு இறங்கினாள்

ஒரே மாதத்தில் 50,000 சொற்கள் எழுதி நாவலின் முதல் வரைவை முடிப்பது என்பது 1999இல் சான்பிரான்சிஸ்கோவில் 21 பேர் தொடங்கிய விளையாட்டு. 'நானோரைமோ' என்ற பெயரில் உலகமெங்கும் பரவியது. அதை நடத்திவந்த அமைப்பு 2025இல் கடையை மூடுவதாக அறிவித்தபோதும் கணக்கு மட்டும் என் தலையில் தங்கிவிட்டது: 30 நாள், நாளொன்றுக்கு 1,667 சொல். நவம்பர் முதல் தேதி நானும் உட்கார்ந்தேன்.

ஒன்பது நாளில் 4,100 சொல் வந்தது. பத்தாம் நாள் காலையில் பார்த்தால் ஏறக்குறைய 11,000 சொல் கடன். மளிகைக் கடைக்காரருக்குப் பயந்து தெரு மாறிப் போகிறவனைப் போல அந்தக் கோப்பைத் திறக்காமலேயே ஒரு வாரம் கழிந்தது. கதையில் மரகதம் விழுப்புரம் போகும் பஸ்ஸில் ஏறியவள், இறங்கவே இல்லை.

சோம்பல் பாதிக் காரணம். மீதிப் பாதி பிறகுதான் உறைத்தது. 1,667 என்பது ஆங்கிலக் கணக்கு. 'போகாதவர்களுக்கெல்லாம்' என்று நான் ஒரு சொல்லில் முடிப்பதை ஆங்கிலத்தில் எழுதினால் ஐந்தாறு சொல்லாவது ஆகும். அவர்களுடைய 1,667ஐத் தமிழில் எட்ட வேண்டுமானால் எவ்வளவோ கூடுதலாகக் கதை சொல்ல வேண்டும். போதாததற்கு, சொல் பிரிப்பதில் நமக்குள் ஒற்றுமை கிடையாது. 'வந்துகொண்டிருந்தபோது' ஒரு சொல். 'வந்து கொண்டிருந்த போது' மூன்று. ஏழாம் நாள் இரவு அந்தத் திருட்டையும் செய்தேன். இடைவெளிப் பொத்தானை மட்டும் தட்டித் தட்டி 90 சொல் சம்பாதித்தேன். அலுவலகத்தில் அடுத்தவர் கணக்கைத் தணிக்கை செய்கிறவன் நான்!

டிசம்பரில் அளவுகோலை மாற்றினேன். செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறேன். ரயில் புறப்படும் இடம் என்பதால் உட்கார இடம் கிடைத்துவிடும். தாம்பரத்துக்குப் பிறகு முழங்கையை அசைக்க முடியாது. ஆக எனக்கு உண்மையில் இருப்பது தாம்பரம் வரையிலான நேரம்தான். அதற்குள் நோட்டில் ஒரு சிறு காட்சி. யாராவது ஒருவர் எதையாவது கேட்க வேண்டும்; மற்றவர் கொடுக்க வேண்டும், மறுக்க வேண்டும், அல்லது பேச்சை மாற்ற வேண்டும். எத்தனை வரி என்ற கேள்வியே இல்லை. முந்தைய நாள் எழுதியதை அடித்துவிட்டால் அன்றைக்கும் வருகைப் பதிவு உண்டு.

எதிரில் உட்காரும் அம்மா ஒருநாள், "கணக்கு எழுதுகிறீர்களா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

டிசம்பரில் 22 வேலைநாள், 14 காட்சி. அவற்றில் ஐந்து தேறாது. இருந்தாலும் நவம்பரில் எழுதிய எல்லாவற்றையும் விட அந்த ஒன்பதில் கதை நகர்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி ட்ரோலப்பை எடுத்துக்காட்டும் நண்பர் ஒருவர் உண்டு. தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, கடிகாரத்தை எதிரில் வைத்துக் கால் மணி நேரத்துக்கு 250 சொல் எழுதிய மனிதர். உண்மைதான். விடியற்காலையில் எழுப்பிக் காப்பி கொடுப்பதற்கென்றே ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்து அவர் ஒரு பணியாளை வைத்திருந்தார் என்பதை நண்பர் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் முதலில் எழுந்து பால் வாங்குகிறவனே நான்தான்.

ஜனவரியில் இன்னொரு திருத்தம். பழைய டைரியில் 'இந்த ஆண்டு மூன்று கதைகள் பிரசுரமாக வேண்டும்' என்று எழுதியிருந்தேன். பிரசுரிப்பது ஆசிரியரின் வேலை. அதை நான் எப்படி இலக்காக வைக்க முடியும்? 'ஏப்ரலுக்குள் மூன்று கதைகளை அனுப்ப வேண்டும்' என்று மாற்றினேன். இரண்டு போயின. ஒன்று திரும்பிவிட்டது, இன்னொன்றுக்குப் பதிலே இல்லை. இரண்டுக்கும் டைரியில் 'சரி' போட்டாயிற்று. மூன்றாவது கதைக்கு முடிவு பிடிபடவில்லை. ஏப்ரல் என்று எழுதியதே பேராசையோ என்று இப்போது தோன்றுகிறது.

நேற்று பெருங்களத்தூரைத் தாண்டும்போது மரகதம் ஒருவழியாக பஸ்ஸை விட்டு இறங்கினாள். இரவு இரண்டு மணி; அழைத்துப்போக வந்த அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. 'வீட்டுச் சாவியைக் கொடு என்று அவள்' என்பதோடு நோட்டை மூடிவிட்டேன். கொடுப்பானா என்று திங்கட்கிழமை வண்டலூருக்குள் தெரிந்துவிடும்.