வாங்கும் முன்பா, வாங்கிய பின்பா? பிரவுன்ஃபீல்ட் மானியம் கைநழுவும் இடம்

அமெரிக்காவில் மூடிக்கிடக்கும் பழைய ஆலை, பெட்ரோல் பங்க், டிரை கிளீனிங் கடை போன்ற, மாசுபட்டிருக்கக்கூடிய ‘பிரவுன்ஃபீல்ட்’ இடங்களின் மண்ணைச் சோதிக்கவும் சுத்தம் செய்யவும் மத்திய சுற்றுச்சூழல் முகமையான இ.பி.ஏ. மானியம் தருகிறது. 1995-ல் முன்னோட்டமாகத் தொடங்கிய திட்டம், 2002 ஜனவரியில் சட்டமானது. 2021 உள்கட்டமைப்புச் சட்டம் இதற்கென்றே 150 கோடி டாலர் ஒதுக்கியது. பணம் இருக்கிறது. சிறிய ஊர்கள் கோட்டை விடுவது வேலைகளின் வரிசையில்தான்.

மாசுபட்ட நிலங்களுக்கான 1980-ன் சூப்பர்ஃபண்ட் சட்டப்படி, நிலத்தைக் கெடுத்தவர் யாராக இருந்தாலும் இன்றைய உரிமையாளரும் பொறுப்பாளி. அந்தப் பிடியிலிருந்து தப்பிக்க, பத்திரம் கைமாறும் முன்பே ‘ஃபேஸ் 1’ ஆய்வு முடிந்திருக்க வேண்டும். இதில் மண்ணைத் தொடுவதே இல்லை. பழைய தீக்காப்பீட்டு வரைபடங்கள், வான்வழிப் படங்கள், அரசுப் பதிவுகள், முன்னாள் உரிமையாளரிடம் விசாரணை, இடத்தை நேரில் சுற்றிப் பார்ப்பது, அவ்வளவுதான். செலவும் சில ஆயிரம் டாலர்தான். ஆனால் விசாரணை, பதிவுத் தேடல், நேரடிப் பார்வை ஆகியவை வாங்கும் நாளுக்கு முந்தைய 180 நாட்களுக்குள் நடந்திருக்க வேண்டும். பலர் அறிக்கையின் அட்டையில் உள்ள தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். அது தவறு, இவற்றில் எது முதலில் நடந்ததோ அந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். விற்பனை ஒரு மாதம் தள்ளிப்போனாலே பாதுகாப்பு போய்விடலாம், மானியத் தகுதியும் கூடவே போகலாம். வரிபாக்கிக்காக நகராட்சி கையகப்படுத்திய நிலம் போன்றவற்றுக்குச் சட்டத்தில் தனி விலக்கு உண்டு.

அடுத்தது ‘ஃபேஸ் 2’, துளையிடும் கட்டம். டிரை கிளீனிங் கடையை எடுத்துக்கொள்வோம். அங்கே பயன்படுத்திய பெர்க் என்ற கரைப்பான் தண்ணீரைவிடக் கனமானது. தளத்து விரிசல் வழியாக இறங்கி நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே போய்விடும். அதன் ஆவி மேலே வந்து கட்டடத்துக்குள் நுழையும். துளைக்கருவியிலிருந்து மண்ணோடு வரும் பிளாஸ்டிக் குழாயை நெடுக்காகக் கீறித் திறந்த உடனே சுமார் 5 கிராம் மண்ணைச் சிரிஞ்ச் போன்ற சிறு கருவியால் எடுத்து மெத்தனால் குப்பியில் போட்டு மூட வேண்டும். விவரம் எழுதிவிட்டுப் பிறகு எடுக்கலாம் என்று விட்டால் ஆவி பறந்துவிடும். லேப் ‘மாசு இல்லை’ என்று சொல்லும், அதை நம்பி மேலே கட்டடம் எழும்பும். மண் சுத்தம் என்று வந்தாலும் தளத்துக்கு அடியிலுள்ள காற்றைச் சோதிக்காமல் விடக்கூடாது. குழந்தைகள் காப்பகம் வரப்போகிற இடத்தில் இதைத் தவிர்ப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

மானியப் பணத்தில் துளையிடுவதானால், எங்கே, எத்தனை மாதிரி, எந்த முறையில் என்று சொல்லும் தர உறுதித் திட்டத்துக்கு இ.பி.ஏ. முதலில் ஒப்புதல் தர வேண்டும். ஒப்பந்ததாரர் ‘கருவி இந்த வாரம் சும்மா நிற்கிறது’ என்று அவசரப்படுத்துவார். இணங்கித் துளையிட்டால் அந்த பில்லை மானியத்தில் சேர்க்க முடியாமல் போகலாம், முடிவுகளும் பயன்படாமல் போகலாம்.

சோதனை மானியத்துக்கு நிலம் உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. உரிமையாளர் உள்ளே விட்டால் போதும். சுத்திகரிப்பு மானியத்துக்கோ விண்ணப்பக் கடைசி நாளுக்குள் பட்டா உங்கள் பெயரில் இருந்தாக வேண்டும். ஆக, சோதித்து, பிறகு வாங்கி, பிறகு சுத்திகரிப்புக்கு விண்ணப்பிப்பதுதான் வரிசை. சுத்திகரிப்பு விண்ணப்பத்தோடு மாற்று வழிகளை ஒப்பிடும் வரைவும் வேண்டும்: மண்ணைத் தோண்டி அகற்றுவதா, மூடி வைப்பதா, எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும். விண்ணப்பத்துக்குக் குறைந்தது 14 நாட்கள் முன்பே ஊருக்கு அறிவித்துவிட்டு, விண்ணப்பிக்கும் முன் கூட்டமும் நடத்தியிருக்க வேண்டும். வழக்கமாக மானியத் தொகையில் 20 சதவீதம் அளவுக்கு உள்ளூரும் பங்கு போட வேண்டும். 2021 சட்டப் பணத்துக்கு அது தள்ளுபடி.

விண்ணப்பம் எழுத ஆளே இல்லாத ஊர்கள், இ.பி.ஏ. மண்டல அலுவலகத்திடம் ஒரே ஓர் இடத்தை மட்டும் சோதித்துத் தரும்படி கேட்கலாம். பணம் கைக்கு வராது. அவர்களுடைய ஒப்பந்ததாரரே வந்து துளையிட்டு அறிக்கை தருவார். மானியம்தான் வேண்டும் என்றால், மத்திய அரசுப் பணம் பெறுவோர் பதிவுசெய்யும் சாம் (SAM.gov) இணையதளத்தில் நகராட்சியின் பதிவு காலாவதியாகிவிட்டதா என்று இன்றே பாருங்கள். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அதற்கே சில வாரங்கள் பிடிக்கும்.