ஒரு சிப்பம் அரிசி

எங்கள் வீட்டில் 26 கிலோ சிப்பம் ஒன்று வாங்கினால் முப்பத்தைந்து நாள் வரும். (25 கிலோ வரையிலான மூட்டைக்கு ஜிஎஸ்டி என்று 2022-இல் வந்ததும் மில்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டிக் கட்டி 26 ஆக்கிவிட்டார்கள். நம் ஆட்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்!) நான், மனைவி, அம்மா என்று மூன்றே பேர்தான். பையன் விடுதியில் இருக்கிறான். மே மாதம் பிரித்த சிப்பம் ஆகஸ்ட் பிறந்தும் டிரம்மில் பாதிக்குக் கிடந்தது. அரிசிக்கடைக்காரர் போனே போட்டுவிட்டார்: "இன்னா சார், கடையை மாத்திட்டீங்களா?" சோற்றை நிறுத்திவிட்டோம் என்று சொன்னால் துக்கம் விசாரிக்க வீட்டுக்கே வந்துவிடுவார். ஊருக்குப் போயிருந்தோம் என்று சொல்லி வைத்தேன்.

நடந்தது இதுதான். ஏப்ரல் கடைசியில் நானும் மனைவியும் சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுத்தோம். மூன்று மாதச் சராசரி என்பார்களே, அந்த எச்பிஏ1சி எனக்கு 6.3, அவளுக்கு 5.9. 5.7-இல் இருந்து 6.4 வரை எல்லைக்கோடு, அதைத் தாண்டினால் சர்க்கரை நோய். "மாத்திரை இப்ப வேணாம், மூணு மாசம் சோத்தைக் குறைச்சிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

நான் ஏற்கெனவே இரண்டு தடவை தனியாக முயன்று தோற்றவன். பக்கத்துத் தட்டில் ஆவி பறக்கும் சோறும் கருவாட்டுக் குழம்பும் இருக்கும்போது எவனால் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு உட்கார முடியும்? இந்தத் தடவை இரண்டு தட்டிலும் சோறு இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு உதவியது என் வைராக்கியம் அல்ல, அவளுடைய 5.9தான்.

சோறு, இட்லி, தோசை, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். களிக்காக மட்டும் நான் கொஞ்சம் வாதாடிப் பார்த்தேன். எங்கள் பக்கம் சர்க்கரை என்றாலே "கேவுருக் களி துன்னு" என்பார்கள். அவள் போனில் தேடிக் காட்டினாள். அரிசியில் முக்கால் பங்குக்கு மேல் மாவுச்சத்து என்றால் கேழ்வரகிலும் மூன்றில் இரண்டு பங்கு அதேதான். நார்ச்சத்து கூடுதல், சரி. ஆனால் நான் விழுங்கும் உருண்டையின் அளவுக்கு எந்த நார் வந்து என்ன செய்யும்? களியும் போயிற்று.

முதல் வாரம் நான் செய்த காலிஃப்ளவர் சோற்றைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். துருவி, மூடி போட்டு, தண்ணீர் தெளித்து வேகவிட்டேன். கூழாகிவிட்டது. மூடவே கூடாதாம், அகலமான வாணலியில் நாலு நிமிடம் பிரட்டி இறக்க வேண்டுமாம். அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். "சோறு மாதிரி இன்னாத்துக்குங்க செய்யணும்? காயைக் காயாவே துன்னலாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலூர் டோல்கேட் உழவர் சந்தையில் எட்டு கிலோ காய் வாங்கினோம். வழக்கமாகக் கீரை தரும் ஆயா பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், வூட்ல விசேஷமா?" என்றது. முன்பெல்லாம் கால் கிலோ கோஸ் மூன்று பேருக்குப் பொரியல். இப்போது கால் கிலோ எனக்கு மட்டுமே ஒரு வேளைக்கு. அத்தனை கோஸிலும் மாவுச்சத்து சுமார் 15 கிராம்தான். முன்பு நான் சாப்பிட்ட 300 கிராம் சோற்றில் எண்பதுக்கு மேல் இருந்தது.

காயைக் காயாகவே சாப்பிட உட்கார்ந்தபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. எங்கள் வீட்டுப் பொரியல், கூட்டு, கடைசல் எதிலுமே உப்பும் புளியும் காரமும் அந்தக் காய்க்காகப் போட்டவை அல்ல, பக்கத்தில் இருக்கும் சோற்றுக்காகப் போட்டவை. சோறு இல்லாமல் தின்றால் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. உப்பைப் பாதியாக்கினாள், புளியைக் கால்வாசியாக்கினாள், வரமிளகாய் நாலு இரண்டாயிற்று. முப்பது வருடமாகத் தின்ற புடலங்காய்க்குத் தனியாக ஒரு வாசனை உண்டு என்பது ஐம்பது வயதில்தான் எனக்குத் தெரிந்தது. நான் ஜென்ம விரோதியாக வைத்திருந்த சுரைக்காயைக் கூடக் கடலை எண்ணெயில் வதக்கி, வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாகத் தட்டித் தூவினால் ஒரு கிண்ணம் காலியாகிறது. வேர்க்கடலைக்கு எங்கள் வட ஆற்காட்டில் பஞ்சமா?

ஆனால் உப்பைக் குறைத்தது வேறு வழியில் வந்து கடித்தது. அக்கினி நட்சத்திர நேரம். வேலூர் 105 டிகிரி, 106 டிகிரி என்று தினமும் பேப்பரில் எங்கள் ஊர் பெயர். நாலாம் நாள் ராணிப்பேட்டையில் வேலை முடிந்து பஸ் ஏறும்போது தலை பிளந்தது, கெண்டைக்கால் இழுத்தது. வெயில் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் பொறுத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தால் சிரிக்கிறார். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்குமாம். அது இறங்கினால் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளுமாம். நாங்களோ சமையலிலும் உப்பைக் குறைத்து, வெயிலில் வியர்த்தும் கொட்டியிருக்கிறோம். நீர்மோரில் உப்பு போட்டு இரண்டு சொம்பு குடித்தேன், சாயங்காலமே தலை லேசாயிற்று. (பிரஷர், கிட்னி தொந்தரவு இருப்பவர்கள் இதை என்னைப் பார்த்துச் செய்துவிடாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சோற்றில் கை வைக்கவே கூடாது, சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும்.) முதல் வாரமே இரண்டு கிலோ குறைந்தது என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அதுவும் பெரும்பாலும் தண்ணீர்தான். உடம்பில் சேமித்து வைத்த ஒவ்வொரு கிராம் சர்க்கரையோடும் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்குமாம். அவள் இதைப் படித்துச் சொன்னபோது முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

இனி முள்ளுக் கத்திரிக்காய். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளைவது, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. காம்பிலும் அதன் தொப்பியிலும் முள். அவசரமாகப் பிடித்தால் விரலில் ஏறும், ஒடிந்து உள்ளேயே நிற்கும். எனக்கு இரண்டு தடவை ஏறி, அவள் ஊசி எடுத்து விளக்குக்கு அடியில் என் கையை இழுத்து வைத்து நோண்டினாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம், கடைசியாக எப்போது இப்படிக் கையைப் பிடித்தாள் என்று யோசித்துக்கொண்டே "ஆ" என்றேன். கத்திரிக்காயோடு பச்சை மிளகாய், வெங்காயம், ஒரு தக்காளி போட்டு வேகவைத்து, கல்சட்டியில் கொட்டி மத்தால் கடைவது என் வேலை. ரொம்பக் கடைந்துவிடக் கூடாது, விதை வாயில் தட்டுப்பட வேண்டும். தாளிப்பு அவளுடையது. எண்ணெயில் கடுகு வெடித்துக் கறிவேப்பிலை விழுந்ததும் கூடத்தில் இருந்து அம்மாவின் குரல் வரும்.

"இன்னாடா, மாடு மாட்டம் வெறும் காயா துன்னுகினு கீறீங்க ரெண்டு பேரும்." சொல்லிக்கொண்டே கிண்ணத்தை நீட்டும். அம்மாவுக்குச் சோறு உண்டு. 78 வயதில் அதன் சோற்றில் கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. இப்போதெல்லாம் கடைசல் முதலில் போகிறது, சோறு பாதி அப்படியே திரும்பி வருகிறது.

ஆகஸ்டில் எனக்கு 5.8, அவளுக்கு 5.6. என் எடை 84 கிலோவில் இருந்து 78. டாக்டர் "தொடருங்க" என்றதோடு சரி.

போன வாரம் ஆம்பூரில் ஆபீஸ் நண்பரின் மகளுக்கு நிக்காஹ். ஆம்பூருக்குப் போய் பிரியாணி வேண்டாம் என்பது பாவம். சீரகச் சம்பா நாலு கைப்பிடி, கறி தாராளமாக என்று பஸ்ஸிலேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். பந்தி ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. நான் இரண்டாவது தடவையும் கத்திரிக்காய் கேட்டபோது, பரிமாறிய பையன் என் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாளியைச் சாய்த்தான்.

திரும்பும்போது அவள் விரலை மோந்து பார்த்துக்கொண்டே வந்தாள். "நான் மூணு தடவை கேட்டு வாங்கினேன்" என்றாள். பள்ளிகொண்டா தாண்டும் வரை பேச்சில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"எள்ளு அரைச்சி ஊத்தியிருக்காங்க. வேர்க்கடலையும் கீது. புளிதான் பிரியாணிக்குன்னு போட்டிருக்காங்க, நமக்கு அதுல பாதி போதும். நாளைக்குச் சந்தைக்குப் போறீங்களா?"