கொரிய வரலாற்றுத் திறன் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

கொரியாவின் தேசிய வரலாற்றுக் குழு நடத்தும் வரலாற்றுத் திறன் தேர்வை வெளிநாட்டவரும் எழுதலாம். அடிப்படை, உயர்நிலை என இரண்டு பிரிவுகள், இரண்டிலும் 50 கேள்விகள். உயர்நிலையில் 80 மதிப்பெண் எடுத்தால் முதல் தரம், 60 எடுத்தால் மூன்றாம் தரம். கொரிய மொழி ஓரளவு கைவந்த பிறகு தொடங்குங்கள். வாசிக்கும் வேகம் இல்லாவிட்டால் பாடம் தெரிந்தும் நேரம் போதாது.

பெரும்பாலான கேள்விகளில் ஒரு பெட்டிக்குள் பழைய ஆவணத்தின் ஒரு பகுதியைக் கொடுப்பார்கள். அது எந்த அரசர் காலம் என்று கண்டுபிடித்தால்தான் விடைக்கே போக முடியும். சீனாவிலிருந்து வந்த அறிஞரான சுவாங்கியின் பெயரோ அடிமைகளை விசாரித்து விடுவித்த செய்தியோ வந்தால் அது கோரியோ அரசின் (918–1392) மன்னர் குவாங்ஜோங் காலம். 956-இல் அடிமைச் சட்டம், 958-இல் சுவாங்கியின் யோசனைப்படி அரசுப் பணித் தேர்வு. இரண்டுமே பிரபுக்களின் பலத்தைக் குறைக்கச் செய்தவை. இப்படிக் காரணத்தோடு படித்தது மறக்கவில்லை.

கோரியோவுக்குப் பின் வந்த ஜோசன் அரசின் காலத்துக்கு வரிவிதிப்பைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். அரசர் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இது பல மடங்கு பயன் தரும். ஒவ்வொரு ஊரும் தன் விளைபொருளை அரசுக்குக் கட்ட வேண்டும் என்பது பழைய முறை. ஊரில் கிடைக்காத பொருளைக் கேட்டால் என்ன செய்வார்கள்? இடைத்தரகர்கள் முன்கூட்டியே கட்டிவிட்டு, மக்களிடம் கொள்ளை விலை வசூலித்தார்கள். இதை ஒழிக்கத்தான் 1608-இல் தலைநகரைச் சுற்றிய கியொங்கி பகுதியில் தேதோங் சட்டம் வந்தது. பொருளுக்குப் பதில் நிலத்தின் அளவுக்கேற்ப அரிசி; துணியாகவோ காசாகவோ கட்டவும் வழி இருந்தது. நிலம் அதிகம் வைத்திருந்தவர்களுக்குச் சுமை கூடியதால் அவர்கள் விடாமல் எதிர்த்தார்கள். அது நாடு முழுக்கப் பரவ சுமார் நூறு ஆண்டு பிடித்தது. அரசுக்குத் தேவையான பொருளை வாங்கித் தரும் வியாபாரிகள் உருவானார்கள், சந்தைகள் பெருகின, காசுப் புழக்கம் கூடியது. ஒரு சட்டத்தைச் சரியாகப் படித்தால் ஜோசன் பிற்காலப் பொருளாதாரம் பாதி முடிந்த மாதிரி. அப்புறம் 1750-இல் யொங்ஜோ அரசர் இராணுவப் பணிக்குப் பதிலாகத் துணியாகக் கட்டும் வரியைப் பாதியாகக் குறைத்ததும் இதே தொடரில் வந்துவிடும்.

பண்பாட்டுக் கேள்விகளுக்குப் படங்கள்தான் முக்கியம். புத்த கோவில் கோபுரங்களைக் கட்டுமானப் பொருளை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். மரக் கட்டுமானம் போலவே கல்லில் எழுப்பியது, கோரியோவுக்கு முந்தைய பேக்ஜே அரசின் மிருக்சா கோபுரம். கல்லைச் செங்கல் போல வெட்டி அடுக்கியது, அதே காலத்துச் சில்லா அரசின் புன்ஹுவாங்சா கோபுரம். பளிங்கில் பத்து அடுக்காக நிற்பது கோரியோவின் கியொங்சொன்சா கோபுரம், 1348-இல் மங்கோலியர் ஆதிக்கக் காலத்தில் கட்டியது. இது இப்போது சியோல் தேசிய அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. நேரில் பார்த்துவிடுங்கள், அந்த உயரத்தையும் செதுக்கலையும் புத்தகத்துப் படம் காட்டாது.

பண்டிகைகளில் உணவையும் செயலையும் சேர்த்துப் படியுங்கள். வசம்பு இனச் செடியைக் கொதிக்க வைத்த நீரில் தலை அலசுவதும் ஊஞ்சலும் மல்யுத்தமும் வந்தால் அது சந்திர நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளில் வரும் 'தானோ' பண்டிகை. சிவப்புப் பயறுக் கஞ்சி என்றால் ஆண்டின் நீண்ட இரவான தோங்ஜி. அடுப்பு மூட்டாமல் ஆறிய உணவு என்றால் ஹான்சிக். அறுவடைத் திருநாளான 'சூசொக்', சந்திரப் புத்தாண்டான 'சொல்லால்' இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

1910 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் இயக்கங்களின் பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பும். பத்தாண்டு வாரியாகப் பிரித்து எழுதிப் படியுங்கள். பழைய வினாத்தாள்கள் தேர்வின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. ஈ.பி.எஸ். கல்வித் தொலைக்காட்சியிலும் இலவசப் பாடங்கள் உண்டு.

நம்மவர்கள் ஆசையோடு கேட்பது, அயுதா நாட்டிலிருந்து, கொரியாவின் தெற்கில் இருந்த சிற்றரசுகளின் கூட்டான கயாவுக்கு வந்ததாக 'சம்குக் யுசா' சொல்லும் ராணி ஹோ பற்றி. அந்த நூல் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அயுதா எது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கிம்ஹேயில் உள்ள அவர் கல்லறையை அவசியம் பாருங்கள். தேர்வுக்குக் கயா என்றால் இரும்பு ஏற்றுமதி, 532-இல் கும்குவான் கயா சில்லாவிடம் சரணடைந்தது, 562-இல் தேகயா வீழ்ந்தது ஆகியவற்றைப் படித்துக்கொள்ளுங்கள்.