உட்கார ஓர் இடம்: அம்மாவுக்காக வீட்டை மாற்றிய அனுபவம்

குடியிருக்கும் வீட்டை இடித்து மாற்றுவதைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் செலவைச் சொல்வார்கள், அடுத்து தூசியைச் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். ஆனாலும் திருச்சியில் எங்கள் வீட்டில் நாங்கள் செய்ததை, வயதான அப்பா அம்மாவைக் கூட வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது யோசித்துப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அப்பா இறந்த பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டார். அதுவரை மன்னார்குடிப் பக்கம் கிராமத்து ஓட்டு வீட்டில் இருந்தவர். இங்கே வந்த சில மாதங்களில் பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது. பகலில் கண் அசந்துவிட்டு ராத்திரி முழுக்க விழித்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் கூட்டிப்போனோம். சர்க்கரை, தைராய்டு, பி12 எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் பெரிதாக ஒன்றும் இல்லை, துக்கமும் இடமாற்றமும் சேர்ந்துகொண்டது என்றார். "நாலு பேரோட பேசவிடுங்க, காலை வெளிச்சத்துல உட்காரவைங்க" என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து பார்த்தால், அப்படி உட்கார எங்கள் வீட்டில் ஓர் இடம்கூட இல்லை.

இந்தக் காலத்தில் எல்லோரும் கட்டுகிற வீடுதான் எங்களுடையதும். ஆறடி காம்பவுண்டு சுவர், தகடு அடித்த கேட், கார் நிறுத்த போர்டிகோ. கதவைத் திறந்தால் நேராக ஹால். ஹாலில் சோபா எல்லாம் டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கும். சமையலறை சுவருக்கு அந்தப் பக்கம். அம்மாவின் அறை கன்னி மூலையில். வீட்டுக்குப் பெரியவர்கள் தென்மேற்கில் படுக்கவேண்டும் என்ற வாஸ்துப்படி, ஆசையாகத்தான் அந்த அறையைக் கொடுத்திருந்தோம்.

ஊரில் அம்மா வாழ்ந்த வீட்டில் வசதி என்று பார்த்தால் ஒன்றுமில்லை. மழைக்கு ஒழுகும். ஆனால் தெருவில் இருந்து உள்ளே வர அங்கே படிப்படியாக இடங்கள் இருந்தன. திண்ணை, ரேழி, முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், கூடம், கடைசியில் கொல்லை. கீரைக்காரம்மா திண்ணை வரை, பக்கத்து வீட்டுக்காரர் தாழ்வாரம் வரை, சொந்தக்காரர் கூடம் வரை என்று ஓர் ஒழுங்கு இருந்தது. அம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே திண்ணைப் பேச்சைக் கேட்கலாம். பதில் சொல்லவும் செய்யலாம், சும்மாவும் இருக்கலாம். தன் வேலையில் இருந்தபடியே மனிதர்களோடு இருக்கிற அந்த இடம்தான் அவருக்கு இங்கே இல்லாமல் போயிருந்தது. எங்கள் வீட்டில் அவருக்கு இருந்த வழி இரண்டுதான்: ஹாலில் டிவி முன்னால் எல்லோரோடும், அல்லது அறைக்குள் கதவுக்குப் பின்னால் தனியாக.

எதையும் இடிப்பதற்கு முன்னால் நாங்கள் செய்த முதல் வேலை, ஒரு நோட்டில் எழுதி வைத்தது. வீட்டில் யார் எந்த நேரத்தில் எங்கே உட்காருகிறார்கள், அங்கிருந்து யாரைப் பார்க்க முடிகிறது, எங்கே வெயில் விழுகிறது, எங்கே காற்று வருகிறது. என் மகன்தான் ஆர்வமாக எழுதினான். இதை நான் மிகவும் சிபாரிசு செய்வேன். டிசைன் படங்களைப் பார்த்து முடிவெடுத்திருந்தால் ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு முடித்திருப்போம். நோட்டைப் பார்த்தபோது, அம்மா ஒரு நாளில் அதிக நேரம் நின்றுகொண்டிருந்த இடம் சமையலறை வாசல் என்று தெரிந்தது. உள்ளே உட்கார இடமில்லை, வெளியே வந்தால் என்னோடு பேச முடியாது. அதனால் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறார்.

அப்புறம் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழைத்தோம். சுவரைத் திறக்க நினைப்பவர்கள் இந்தச் செலவை மிச்சம் பிடிக்கவேண்டாம். எங்கள் வீடு தூண், பீம் போட்டுக் கட்டியது. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்தது நாலரை அங்குலத் தடுப்புச் சுவர், மேல்தளத்தின் பாரம் அதன் மேல் இல்லை. அதனால் திறக்கலாம் என்றார். தூண் இல்லாமல் சுவரே தளத்தைத் தாங்குகிற பழைய வீடு என்றால் கதை வேறு. முட்டுக் கொடுத்து, இரும்பு பீம் ஏற்றி, அதற்குப் பிறகுதான் கை வைக்க முடியும்.

சுவரில் ஐந்தடி அகலத்துக்குத் திறப்பு விட்டோம். ஆனால் வீட்டையே மாற்றியது அந்தத் திறப்பைவிட அதன் ஓரத்தில் கட்டிய உள்திண்ணைதான். அம்மாவுக்கு அரிவாள்மனை இல்லாமல் காய் நறுக்க வராது. தரையில் உட்கார முழங்கால் விடாது. மேடை முன் நின்று கத்தியில் நறுக்கச் சொன்னால் இடுப்பு வலி. இதைக் கேட்ட கொத்தனார் டேப்பை எடுக்கவில்லை. செங்கலை கலவை இல்லாமல் வரிசையாக அடுக்கினார். "அம்மா, இது மேல கொஞ்சம் உட்காருங்க" என்றார். அம்மா உட்கார்ந்தார். "எழுந்திருங்க." அம்மா கையை ஊன்றி எழுந்தார். ஒரு வரிசை கூட்டினார். மறுபடி உட்கார்ந்து எழுந்தார். இன்னும் அரை வரிசைக்கு ஓட்டுத் துண்டு வைத்தார். கையை ஊன்றாமல் எழ முடிந்த உயரம் வந்ததும், சுவரில் பென்சிலால் கோடு போட்டார். அளந்தால் பதினெட்டரை அங்குலம். அகலம் இரண்டரை அடி வைத்தோம், ஒரு காலை மடித்துப் போட்டு, அரிவாள்மனையையும் அதன் மேலேயே வைத்துக்கொள்ளும்படி. மேலே கடப்பாக் கல். "தம்பி, எனக்கு யாரும் இப்படி அளவு எடுத்ததில்ல" என்று அம்மா கொத்தனாரிடம் சொன்னதை, அந்த வேலை முழுவதிலும் எனக்குக் கிடைத்த பெரிய சம்பளமாக நினைக்கிறேன்.

அடுத்தது கன்னி மூலை அறை. அம்மா ராத்திரி தூங்காததற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேற்குச் சுவரின் உட்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தால் சுட்டது. மத்தியானம் முழுக்க வெயில் வாங்கும் ஒன்பது அங்குலச் சுவர் அந்தச் சூட்டை உடனே உள்ளே விடாது. சில மணி நேரம் வைத்திருந்து, சரியாக நாம் படுக்கப் போகும்போது விடும். மேலே கான்கிரீட் தளமும் அதே வேலையைச் செய்யும். வாஸ்து பார்ப்பவரோடு சண்டை போடுவதில் அர்த்தமில்லை, அம்மாவுக்கு அதில் நம்பிக்கை உண்டு. அறையை மாற்றாமல், வெயிலைச் சுவரில் படாமல் நிறுத்தினால் போதும் என்று இன்ஜினியர் சொன்னார். சுவருக்கு வெளியே ஒன்றரை அடி தள்ளி இரும்புச் சட்டம் நட்டு, மூங்கில் பிளாச்சு கட்டி, ரங்கூன் மல்லியும் சங்குப்பூவும் ஏற்றிவிட்டோம். இடைவெளி விட்டுத்தான் கட்டவேண்டும். திருச்சிக்கு ஆடிக் காற்று மேற்கில் இருந்துதான் வரும், அதை அடைத்துவிடக் கூடாது. கொடி படர்ந்து மூட ஒரு பருவம் ஆனது, அதுவரை சட்டத்தில் தென்னங்கீற்று கட்டியிருந்தோம்.

மொட்டை மாடியில் அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டு, மேலே தட்டோடு பதிப்பார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பதும் உண்டு. எங்கள் மாடியில் வெறும் சிமெண்டுப் பூச்சுதான் இருந்தது. சுருக்கி போடத் தெரிந்த ஆள் கிடைக்காமல், கடைசியில் வெள்ளை கூலிங் டைல்ஸ் பதித்தோம். செலவைச் சுருக்க நினைப்பவர்கள் வருடாவருடம் கோடைக்கு முன் சுண்ணாம்பு அடித்தாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நம் ஊரில் வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று பலர் நினைக்கிறார்கள். திருச்சி இருக்கும் அட்சரேகையில், சித்திரை தொடக்கத்தில் இருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். கத்திரி வெயிலில் வடக்கு ஜன்னலுக்குத்தான் சன்ஷேடு தேவை. எங்கள் வீட்டில் அது தெற்கில் மட்டும் இருந்தது. வடக்கிலும் ஒன்று சேர்த்தோம்.

அம்மாவின் அறை ஜன்னல் விளிம்பு தரையில் இருந்து மூன்றரை அடி உயரத்தில் இருந்தது. நிற்பவருக்குச் சரி. கட்டிலில் சாய்ந்திருப்பவருக்கு மின்விசிறியும் கொஞ்சம் ஆகாயமும்தான் தெரியும். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-ல் சயின்ஸ் இதழில் எழுதிய ஆய்வைப் படித்திருந்தேன். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை ஆபரேஷன் முடிந்தவர்களின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டது. படித்தபோது வேறு உலகத்து விஷயமாகத் தெரிந்தது. அம்மாவின் கட்டிலில் நானே ஒரு மத்தியானம் படுத்துப் பார்த்தபோதுதான் அது எங்கள் வீட்டு விஷயமாகியது. தெற்கு ஜன்னலை ஒன்றரை அடி உயரத்துக்கு இறக்கி, கிரில்லை உறுதியாகப் போட்டோம். இப்போது படுத்தபடியே எதிர் வீட்டு வேப்பமரமும் தெரு முனையும் தெரிகிறது.

பாத்ரூமைப் பற்றிச் சுருக்கமாக: தரையை அறை மட்டத்துக்குக் கொண்டு வந்தோம், வழுக்காத டைல்ஸ், கைப்பிடி, வெளிப்பக்கம் திறக்கும் கதவு. உள்ளே யாராவது விழுந்து கதவை அடைத்துக்கொண்டால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. இதற்கு யோசிக்கவே வேண்டாம், நாளைக்கே செய்யலாம்.

டிவியை ஹாலில் இருந்து எடுத்து மாடி அறைக்கு மாற்றியதில்தான் வீட்டில் கொஞ்சம் மனத்தாங்கல் வந்தது. என் கணவருக்கு ராத்திரிச் செய்தி வேண்டும். ஆனால் சமையலறைச் சுவர் திறந்த பிறகு டிவி சத்தம் வீடு முழுக்கப் பரவியது, மகன் ப்ளஸ் டூ படிக்கிறான். திறந்து வைப்பது எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. அவனுக்கு நாங்கள் செய்தது இதற்கு நேர் எதிர்: மாடிப்படித் திருப்பத்தில் ஒரு மேஜை போட்டு, கனமான திரை கட்டிக் கொடுத்தோம். பதினேழு வயதுக்கு மூடிக்கொள்ள ஓர் இடம் எவ்வளவு அவசியமோ, எழுபத்திரண்டு வயதுக்கு எட்டிப்பார்க்க ஓர் இடம் அவ்வளவு அவசியம்.

கடைசியாகச் செய்தது வாசல் திண்ணை. போர்டிகோவில் கார் போக மீதி இருந்த ஓரத்தில், சாய்மானத்தோடு கட்டி, ரெட் ஆக்சைடு பூசினோம். பூசிய ஆள் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து மினுமினுப்பு ஏற்றினார். கேட்டின் மேல்பாதித் தகட்டை அறுத்துக் கம்பி வைத்தோம். பாதுகாப்பு போய்விடும் என்று பக்கத்தில் இருப்பவர்கள் பயம் காட்டினார்கள். என் அனுபவத்தில், தெருவைப் பார்த்தபடி ஒருவர் உட்கார்ந்திருக்கும் வாசல்தான் பாதுகாப்பான வாசல்.

அம்மாவின் துக்கம் இதனால் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அப்பாவின் திதி வரும் மாதத்தில் இன்னும் பேச்சு குறைகிறது. ஆனால் காலை ஏழு மணிக்குத் திண்ணைக்கு வந்துவிடுகிறார். பூக்காரம்மாவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் விவரம் முழுக்க அவருக்குத் தெரியும். ராத்திரி தூக்கம் பெரும்பாலும் வருகிறது. நான் ஆபீஸில் இருந்து வந்து சமைக்கும்போது, உள்திண்ணையில் வெங்காயம் உரித்தபடி, கேட்காமலேயே அன்றைய கதையைச் சொல்கிறார்.

எல்லாம் சேர்த்து நாலே முக்கால் லட்சம் ஆனது. மாடி டைல்ஸும் பாத்ரூமும்தான் அதில் பெரும்பகுதி. இரண்டு திண்ணைக்கும் ஆன செலவு ஒரு நல்ல சோபா செட்டின் விலைகூட வராது. வாடகை வீட்டிலும் ஃபிளாட்டிலும் இருப்பவர்கள் இடிக்காமலே கொஞ்சம் செய்யலாம். சென்னையில் தம்பியின் ஃபிளாட்டுக்கு அம்மா போகும்போது, அவன் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தி, உயரத்துக்கு இரண்டு மரக்கட்டை கொடுத்துவிடுகிறான். பால்கனியில் துணி காயப்போடும் ஸ்டாண்டை எடுத்துவிட்டு நாற்காலி போடுகிறான். சமையலறையில் ஒரு முக்காலி.

எங்கள் வீட்டில் இன்னும் ஒரு வேலை பாக்கி. ஐப்பசி மழையில் சாரல் திண்ணை வரை அடிக்கிறது. போன மழைக்குத் தார்ப்பாய் கட்டிச் சமாளித்தோம். இந்த மழைக்கு முன்னால் இரண்டடிக்குச் சாய்வுத் தகரம் போட வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்திருக்கிறேன். தகரத்தில் மழைச் சத்தம் அதிகமாகக் கேட்குமே என்றேன். அது இருக்கட்டும், ஓட்டு வீட்டிலும் கேட்டதுதானே என்றார் அம்மா.