பூரட்டாதிக்கு பக்கத்துல நாலு நாள்ல ஒரு வருஷம்

பூரட்டாதி உத்திரட்டாதி எல்லாம் ராசிபலன்ல மட்டும் வர்ற பேருன்னுதான் ரொம்ப வருஷம் நெனச்சிட்டு இருந்தேன், வானத்துல அது எங்க இருக்குன்னு தேடணும்னு தோணினதே இல்ல. அக்டோபர் கடைசில ராத்திரி எட்டு மணி வாக்குல அண்ணாந்து பாத்தா பெரிய சதுரமா நாலு நட்சத்திரம் இருக்கும், மேற்கு பக்கம் ரெண்டும் பூரட்டாதி, கிழக்கு பக்கம் ரெண்டும் உத்திரட்டாதி. பழைய ஆளுங்க இத கட்டில் கால்னு சொல்வாங்க. மேல்நாட்டு மேப்ல இது பெகாசஸ், றெக்கை வச்ச குதிரை. குதிரை எனக்கு இன்னி வரைக்கும் தெரியல, கட்டில் பாத்த உடனே தெரிஞ்சிருச்சு.

இந்த கட்டிலோட மேற்கு சட்டத்துக்கு கொஞ்சம் வெளிய, பூரட்டாதியோட ரெண்டு காலுக்கும் ஏறக்குறைய நடுவுல, மங்கலா ஒரு புள்ளி. பேரு 51 பெகாசி. நல்ல இருட்டு இருந்தா வெறுங்கண்ணுக்கே தெரியும்ங்கறாங்க, எனக்கு பைனாகுலர் இல்லாம கிடைக்கல. நம்ம சூரியன் மாதிரியே ஒரு நட்சத்திரம், கொஞ்சம் பெருசு, கொஞ்சம் வயசு ஜாஸ்தி, தூரம் சுமார் 50 ஒளியாண்டு. பாக்க ஒண்ணுமே இல்ல, ஆனா இத ஒரு கிரகம் 4.23 நாள்ல ஒரு சுத்து சுத்தி முடிக்குது, அதுவும் நம்ம வியாழன் எடையில பாதியாவது இருக்கற ராட்சச கிரகம்.

இந்த நாலு நாள்தான் என்ன தூங்க விடல. நம்ம ஊர்ல ரொம்ப வேகமா சுத்தற புதனுக்கே 88 நாள் ஆகுது. வியாழன் சூரியன்ல இருந்து கிட்டத்தட்ட 78 கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்துகிட்டு ஒரு சுத்துக்கு 12 வருஷம் எடுத்துக்குது, இந்த கிரகம் தன் நட்சத்திரத்துல இருந்து 78 லட்சம் கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய நூத்துல ஒரு பங்கு தூரம். அங்க இருந்து பாத்தா அந்த நட்சத்திரம் நம்ம சூரியன விட இருபது மடங்குக்கு மேல அகலமா வானத்த அடைச்சுகிட்டு நிக்கும், சூடு ஆயிரம் டிகிரி செல்சியஸ் கிட்ட. நமக்கு ஒரு வருஷம் ஆகறதுக்குள்ள அங்க 86 வருஷம் ஓடிடும், நான் பிறந்தநாள் கொண்டாடறதா இருந்தா கேக் வெட்டி கை கழுவறதுக்குள்ள அடுத்தது வந்துரும் போல.

கண்டுபிடிச்ச கதைதான் இன்னும் நல்லா இருக்கும். இத கண்டுபிடிச்சது 1995ல, அதுக்கு முன்னாடி நம்ம சூரிய குடும்பத்துக்கு வெளிய கிரகமே தெரியாதுன்னு சொல்ல முடியாது, 1992லயே ஒரு பல்சார சுத்தி கிரகங்கள் இருக்குன்னு தெரிஞ்சிருச்சு, ஆனா பல்சார்ங்கறது செத்துப்போன நட்சத்திரம். சூரியன் மாதிரி உயிரோட இருக்கற நட்சத்திரத்துக்கு கிரகம் இருக்கான்னுதான் தேடல். கிரகம் நேரா கண்ணுக்கு தெரியாது, நட்சத்திரத்தோட வெளிச்சத்துல முங்கிடும். ஆனா கிரகம் சுத்தும்போது நட்சத்திரமும் சும்மா நிக்கறதில்ல, அதுவும் ரெண்டுக்கும் பொதுவான ஒரு மையத்த சுத்தி சின்னதா ஆடும், நம்ம பக்கம் வரும்போது அதோட வெளிச்சத்த நிறம் நிறமா பிரிச்சா வர்ற நிறமாலைல இருக்கற கருப்பு கோடுங்க நீலப்பக்கம் துளியூண்டு நகரும், விலகும்போது சிவப்புப்பக்கம். அந்த துளியூண்ட அளக்கணும், அவ்ளோதான் வேலை. அவ்ளோதான்னு சொல்லிட்டேன், வியாழன் நம்ம சூரியன ஆட்டற வேகம் நொடிக்கு 12 மீட்டர் சொச்சம், ஒரு சைக்கிள்காரர் கொஞ்சம் மூச்சு முட்ட மிதிச்சா வர்ற வேகம், அத பல ஒளியாண்டு தூரத்துல இருந்து அளக்கறதுன்னா பாருங்க.

இப்ப சிக்கல் என்னன்னா எல்லாரும் தேடினது வியாழன் மாதிரி ஒண்ண. வியாழனுக்கு 12 வருஷம்னா நாமளும் பத்து பன்னெண்டு வருஷம் பொறுமையா அளக்கணும்னு முடிவு பண்ணிட்டாங்க. கனடா டீம் ஒண்ணு 21 நட்சத்திரத்த 12 வருஷம் பாத்துட்டு வியாழன் அளவுக்கு எதுவும் சிக்கலன்னு 1995ல எழுதினாங்க, பாவம். அமெரிக்கால ஜெஃப் மார்சியும் பால் பட்லரும் 1987ல இருந்தே லிக் அப்சர்வேட்டரில டேட்டா சேத்துகிட்டே இருந்தாங்க, ஆனா 51 பெகாசி அவங்க லிஸ்ட்லயே இல்ல, ஒரு கேட்டலாக்ல அத வேற வகை நட்சத்திரம்னு போட்டிருந்ததால விட்டுட்டாங்க. இத்தனைக்கும் 1952லயே ஓட்டோ ஸ்ட்ரூவேன்னு ஒருத்தர், நட்சத்திரத்த ஒட்டி ஒரு நாள்லயே சுத்தற பெரிய கிரகம் ஏன் இருக்கக்கூடாது, இருந்தா கண்டுபிடிச்சிரலாமேன்னு ரெண்டே பக்கத்துல எழுதி வச்சிட்டு போயிட்டாரு. யாரும் கண்டுக்கல. எனக்கு இதுல கோவமே வருது, ஆனா நான் அங்க இருந்திருந்தா நானும் 12 வருஷம்தான் உக்காந்திருப்பேன்.

சுவிஸ்காரங்க மிஷெல் மேயோரும் அவரோட பிஎச்டி மாணவர் டிடியே கெலோவும் பிரான்ஸ்ல ஓத் ப்ரோவான்ஸ் அப்சர்வேட்டரில எலோடிங்கற புது ஸ்பெக்ட்ரோகிராஃப், அதாவது நிறமாலைய அளக்கற கருவி வச்சு 142 நட்சத்திரத்த பாத்துட்டு இருந்தாங்க. 1994 கடைசில 51 பெகாசி மட்டும் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது, கெலோ பாவம் கிரகம்னு நெனைக்கல, நம்ம கருவிலதான் எதோ கோளாறு, நம்ம எழுதின ப்ரோக்ராம்லதான் தப்புன்னு பதறி இருக்காரு. கணக்கு போட்டு பாத்தா நாலு நாளைக்கு ஒரு தடவை நொடிக்கு 56 மீட்டர் வேகத்துல ஆடுது, மணிக்கு 200 கிலோமீட்டர், சூரியன விட பெரிய ஒரு நெருப்பு உருண்டை ரெண்டு நாள் நம்மள பாத்து வருது ரெண்டு நாள் பின்னால போகுது. உடனே வெளிய சொல்லிடல, அதான் எனக்கு புடிச்சது. பெகாசஸ் சூரியனுக்கு பின்னாடி போயிருச்சு, மறுபடி 1995 ஜூலைல வர்ற வரைக்கும் காத்திருந்து, இன்ன தேதில இப்படி இருக்கணும்னு முன்கூட்டியே கணக்கு எழுதி வச்சு, அது அப்படியே இருந்ததுக்கு அப்புறம் அக்டோபர் 6 அன்னிக்கு இத்தாலில ஃப்ளோரன்ஸ் நகரத்துல ஒரு மாநாட்டுல சொன்னாங்க.

மார்சியும் பட்லரும் அடுத்த வாரமே நாலு ராத்திரி பாத்து ஆமான்னுட்டாங்க. நாலு ராத்திரி போதும்ல, வருஷமே அவ்ளோதான! அப்புறம் தங்களோட பழைய டேட்டாவ தோண்டி 1996 ஜனவரில இன்னும் ரெண்டு கிரகத்த அறிவிச்சாங்க.

நடுவுல 1997ல டேவிட் கிரேங்கற ஒரு ஆராய்ச்சியாளர் இது கிரகமே இல்ல, நட்சத்திரம் தானாவே துடிக்குதுன்னு சொல்லி ஒரு பரபரப்பு, அடுத்த வருஷம் இன்னும் நல்ல டேட்டா எடுத்து பாத்துட்டு அவரே இல்ல இல்ல கிரகம்தான்னு ஒத்துகிட்டாரு. 2019ல மேயோர், கெலோ ரெண்டு பேருக்கும் சேத்து இயற்பியல் நோபல்ல பாதி, மீதி பாதி ஜேம்ஸ் பீபிள்ஸ்க்கு.

சரி, அவ்ளோ பெரிய கேஸ் உருண்டை அங்க எப்படி போச்சு? அந்த சூட்டுல, அந்த இடத்துல அவ்ளோ பெருசா உருவாகறது ரொம்ப கஷ்டம், ஐஸ் உறையற அளவுக்கு குளிரான தூரத்துல பொறந்து அப்புறம் உள்ள வந்திருக்கணும்னுதான் பெரும்பாலும் சொல்றாங்க. ஆரம்பத்துல நட்சத்திரத்த சுத்தி இருந்த வாயு தட்டுல மாட்டி மெதுவா உள்ள சறுக்கிச்சா, இல்ல இன்னொரு கிரகம் தள்ளிவிட்டு நீளவட்டமா சுத்தி, நட்சத்திரத்துகிட்ட வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா வேகம் இழந்து இப்படி வட்டமாயிருச்சாங்கறதுல சண்டை இன்னும் முடியல. எனக்கு ரெண்டாவது கதை புடிக்கும், காரணம் ஒண்ணும் இல்ல, அதுல டிராமா ஜாஸ்தி. இந்த மாதிரி கிரகங்களுக்கு ஹாட் ஜுபிடர், அதாவது சூடான வியாழன்னு பேரு, சூரியன் மாதிரி நட்சத்திரங்கள்ல நூத்துல ஒண்ணுக்கு கூட இருந்தா பெருசு. ஆட்டம் பலமா இருக்கறதால முதல்ல வலைல விழுந்தது இதுங்கதான்.

பேரு விஷயத்துல மட்டும் எனக்கு குறை உண்டு. கிரகம் 51 பெகாசி பி, நட்சத்திரமே 'ஏ'ங்கற எழுத்துங்கறதால கிரகம் 'பி'ல இருந்து ஆரம்பிக்கும், சரி. குதிரைய ஓட்டின வீரன் பேரால பெல்லரோஃபான்னு கூப்பிட்டுட்டு இருந்தாங்க, அதுவும் நல்லாதான் இருந்துச்சு. 2015ல அதிகாரப்பூர்வமா டிமிடியம்னு வச்சிட்டாங்க, லத்தீன்ல பாதின்னு அர்த்தமாம், வியாழன்ல பாதி எடைங்கறதால. ஒரு கிரகத்துக்கு பாதின்னா பேரு வைப்பாங்க? நான் மனசுக்குள்ள வச்சிருக்கற பேரு மூட்டப்பூச்சி, கட்டில் பக்கத்துலயே சுத்துது இல்ல.

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு பைனாகுலர்ல முதல் தடவையா அத புடிச்சேன். நான் பாத்தது சுமார் அம்பது வருஷம் முன்னாடி கிளம்பின வெளிச்சம், அது என் கண்ணுக்கு வந்து சேர்றதுக்குள்ள மூட்டப்பூச்சி 4300 சுத்து முடிச்சிருக்கும். அப்பதான் ஒரு பைத்தியக்கார யோசனை, நாலு நாள் அஞ்சரை மணி நேரம் கூட்டினா வெள்ளிக்கிழமை விடியக்காலம் ஒன்றரை. அலாரம் வச்சு எழுந்து மாடிக்கு போனேன். கட்டில் மேற்கால சாஞ்சு கெடந்துச்சு, புள்ளி அதே புள்ளிதான், துளி மாத்தம் இல்ல. ஹேப்பி நியூ இயர்னு சொல்லிட்டு வந்து படுத்துட்டேன்.